பல் பதிவில் ‘ஏன்’ என்ற கட்டம்: பொது நோயறிதல் சொற்கள் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் பல் மருத்துவராகப் பல ஆண்டுகளாக வேலை செய்கிறேன். எங்கள் மருந்தகத்தின் (கிளினிக்கின்) கணினிப் பதிவில் ஒரு புதிய கட்டம் வந்தது. எந்தச் சிகிச்சையைப் பதிவு செய்தாலும், அது எந்த நோய்க்காக என்பதைப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுத்தாக வேண்டும். அன்றிலிருந்து உதவியாளர்களும், வாய்நலச் சிகிச்சையாளர்களும், புதிதாகச் சேர்ந்த இளம் மருத்துவர்களும், ஏன், திரையை எட்டிப் பார்த்த சில நோயாளிகளும் கேட்ட கேள்விகள் இவை. தமிழில் கேட்டார்கள், தமிழிலேயே பதில் எழுதுகிறேன்.

நோயறிதல் சொல் என்று எதைச் சொல்கிறீர்கள்?

பல்லுக்கு என்ன ஆயிற்று என்பதற்கான பெயரை. ‘பல் வலிக்கிறது’ என்பது நோயாளியின் முறையீடு. ‘டென்டின் வரை, அதாவது எனாமலுக்கு அடியில் உள்ள அடுக்கு வரை, இறங்கிய சொத்தை’ என்பது நோயறிதல். ‘அடைப்பு வைத்தேன்’ என்பது நாம் செய்த வேலை. முறையீடும் வேலையும் எந்தப் பதிவிலும் இருக்கும். நடுவில் நிற்கும் நோயறிதல்தான் பாதி நேரம் எழுதப்படாமலே போகிறது.

‘பொது’ என்று சேர்த்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒருவர் ‘சொத்தை’ என்று தட்டச்சு செய்கிறார், இன்னொருவர் ‘கேரிஸ்’ என்கிறார், மூன்றாமவர் ‘ஆழமான குழி’ என்கிறார், நான்காமவர் தனக்கு மட்டும் புரியும் இரண்டெழுத்துச் சுருக்கத்தைப் போடுகிறார். மனிதர்களுக்கு நான்கும் ஒன்றுதான். கணினிக்கு அவை நான்கு வெவ்வேறு நோய்கள். எல்லோரும் ஒரே பட்டியலிலிருந்து ஒரே சொல்லை எடுத்தால், அதன் பின்னால் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்கும்.

செய்த சிகிச்சையைத் தெளிவாக எழுதினால் போதாதா? காரணம் அதிலேயே தெரிந்துவிடுமே?

நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கை எப்படிப் போயிற்று என்பதைச் சொல்கிறேன்.

அறுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா, என்னிடமே பல ஆண்டுகளாக வருபவர், 2022இல் இடது கீழ்க் கடைவாய்ப்பல்லில் வலி என்று வந்தார். பதிவைத் திறந்தேன். 36ஆம் பல் (அந்தக் கடைவாய்ப்பல்லின் எண் அது): 2013இல் அடைப்பு. 2016இல் அடைப்பு மாற்றம். 2018இல் உறை (கிரவுன்). மூன்று வரிகளும் ஒழுங்காக இருந்தன. எந்தப் பொருளால் அடைத்தேன், எந்த நிறத்தில் உறை செய்தேன், எவ்வளவு மரப்பு மருந்து கொடுத்தேன் என்பதெல்லாம் இருந்தது. ஏன் உறை போட்டேன் என்பது மட்டும் இல்லை.

உறை போடுவதற்குக் காரணங்கள் பல. பெரிய சொத்தையாக இருக்கலாம். சுவர் உடைந்திருக்கலாம். பல்லில் விரிசல் ஓடியிருக்கலாம். பழைய அடைப்பைச் சுற்றி மீண்டும் சொத்தை வந்திருக்கலாம். நான் சொத்தை என்று எண்ணிக்கொண்டு வேர்ச் சிகிச்சையைத் தொடங்கினேன். உறையைக் கழற்றிப் பற்கூழ் அறையை, அதாவது பல்லுக்குள் நரம்பும் ரத்தக்குழாயும் இருக்கும் இடத்தை, திறந்ததும், முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் வரை மயிரிழை போல ஒரு கோடு. அறையின் தரையையும் தாண்டி இறங்கியிருந்தது. அப்படிப்பட்ட விரிசல் உள்ள பல்லைக் காப்பாற்ற முடியாது. எடுத்துவிட்டோம்.

“தம்பி, உறை போட்ட அன்றைக்கே இது தெரியாதா?” என்று அந்த அம்மா கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். 2018இல் அந்தக் கோட்டை நான் பார்த்தேனா, பார்த்ததால்தான் உறை போட்டேனா, எனக்கே நினைவில்லை. எழுதியது நான், எழுதாமல் விட்டதும் நான். ‘விரிசல் விட்ட பல்’ என்ற ஒரு சொல் அன்று பதிவில் இருந்திருந்தால், வேர்ச் சிகிச்சையைத் தொடங்குவதற்கு முன்பே விரிசல் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று தேடியிருப்பேன். காப்பாற்ற முடியுமா என்பது ஐயம்தான் என்பதை முன்கூட்டியே சொல்லியிருப்பேன். வேண்டாம், எடுத்துவிடுங்கள் என்று அவர் முதலிலேயே முடிவு செய்திருக்கவும் கூடும்.

பொது மருத்துவர்கள் நோயின் பெயரை எழுதாமல் இருப்பதில்லையே. பல் மருத்துவத்தில் மட்டும் ஏன் இந்தப் பழக்கம் வரவில்லை?

பெரும்பாலும் பணம் செலுத்தும் முறையால். அமெரிக்காவில் பல் மருத்துவக் காப்பீடு தொடக்கத்திலிருந்தே சிகிச்சைக் குறியீடுகளின்மேல்தான் ஓடியது: என்ன செய்தாய் என்று சொல், பணம் தருகிறோம். என்ன நோய் என்று கேட்கவில்லை. கேட்காததை யாரும் எழுதவில்லை. பல் மருத்துவ மென்பொருள்களும் அதே வார்ப்பில் வந்தன. சிகிச்சைக்குப் பெரிய கட்டம். நோயறிதலுக்குக் கட்டமே இல்லை, அல்லது யாரும் தொடாத ஒரு மூலை.

இங்கேயும் அதன் சாயல் உண்டு. சாஸ் எனப்படும் சமூக சுகாதார உதவித் திட்டத்தில் பல் மானியம் அடைப்பு, பல் எடுத்தல், உறை, பொய்ப்பல், வேர்ச் சிகிச்சை என்று சிகிச்சை வாரியாகத்தான் கிடைக்கிறது. பல் அறுவை சிகிச்சைக்கு மெடிசேவ் எனப்படும் மருத்துவச் சேமிப்புப் பணத்தை எடுக்கவும் அறுவை சிகிச்சை அட்டவணையில் உள்ள குறியீடு தேவை. இந்த ஏற்பாடுகளைக் குறை சொல்லவில்லை. பணத்துக்குக் கணக்கு வேண்டும். ஆனால் கணக்குக்காக எழுதும் பதிவும் நோயாளிக்காக எழுதும் பதிவும் ஒன்றல்ல. ஒரு மானியக் கோரிக்கை சரியானதா என்று யாராவது பின்னாளில் கேட்டாலும், ‘உறை போட்டேன்’ என்பது பதிலாகாது. ‘இந்தக் காரணத்துக்காகப் போட்டேன்’ என்பதுதான் பதில்.

நோயாளி சொல்வதை அப்படியே எழுதினால் என்ன? நம் தமிழில் எத்தனை நுணுக்கமான சொற்கள் இருக்கின்றன!

இருக்கின்றன, அவற்றை இழக்கக் கூடாது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. ‘கூசுகிறது’ என்பவருக்கும் ‘விண்விண்ணென்று தெறிக்கிறது’ என்பவருக்கும் ஒரே நோய் இருக்க வாய்ப்புக் குறைவு. ஐஸ் தண்ணீர் பட்டால் சுரீர் என்று வந்து உடனே போய்விட்டால் அது ஒரு கதை. இரவு படுத்ததும் தெறிக்கத் தொடங்கி விடியும்வரை விடாமல் இருந்தால் அது வேறு கதை. ‘பல் எழும்பி நிற்பது போல இருக்கிறது, கடிக்க முடியவில்லை’ என்று முதியவர்கள் சொல்லும்போது, வேர்நுனியைச் சுற்றிய அழற்சியை ஒரு பாடநூல் வாக்கியத்தைவிடத் தெளிவாகச் சொல்லிவிடுகிறார்கள்.

ஆனால் இவை நோயறிதலுக்கு வழிகாட்டும் சொற்கள். நோயின் பெயர்கள் அல்ல. ‘பூச்சிப் பல்’ என்று ஒருவர் சொன்னால் சொத்தையாக இருக்கலாம், வெறும் கறையாகவும் இருக்கலாம். ‘ஈறு கரைகிறது’ என்றால் ஈறு இறங்கியதா, எலும்பே தேய்ந்ததா என்பதை அளந்துதான் சொல்ல வேண்டும்.

ஆகவே இரண்டையும் எழுதுங்கள். முறையீட்டுக் கட்டத்தில் நோயாளியின் சொல்லைத் தமிழில் சொன்னபடியே ஆங்கில எழுத்தில் குறித்து, பக்கத்தில் பொருளையும் போடுகிறோம். நோயறிதல் கட்டத்தில் பட்டியலின் சொல். ஒன்றைப் போட்டதால் மற்றொன்றை அழிக்க வேண்டியதில்லை. அடுத்த முறை அவரைப் பார்க்கும் மருத்துவருக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம்; தெரிந்த உதவியாளர் அறையில் இருந்தால், அந்த ஒரு சொல்லைப் படித்துக்காட்டியே முழுக் கதையையும் சொல்லிவிடுவார்.

ஐசிடி, ஸ்னோமெட், ஸ்னோடென்ட் என்று எத்தனையோ பெயர்கள். எது எது?

ஐசிடி உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு. புள்ளிவிவரம் எடுப்பதற்காகப் பிறந்தது. அதன் பத்தாம் பதிப்பில் பற்சொத்தைக்கு கே02 என்ற தலைப்பு. எனாமலோடு நிற்கும் சொத்தை கே02.0, டென்டினில் இறங்கியது கே02.1, வேரின் மேலுறையில் வந்தது கே02.2, வளராமல் நின்றுவிட்டது கே02.3. பல் மருத்துவத்துக்கென்றே அதன் விரிவான வடிவத்தையும் அந்த நிறுவனம் வெளியிட்டது; மூன்றாம் பதிப்பு 1995இல் வந்தது. ஐசிடியின் பதினொன்றாம் பதிப்பு 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது.

ஸ்னோமெட் சிடி வேறு வகை. அது வகைப்பாடு அல்ல, சொற்களஞ்சியம். மூன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட மருத்துவக் கருத்துகளுக்கு ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. 80967001 என்றால் பற்சொத்தை. இங்கேயும் அதுதான், லண்டனிலும் அதுதான். ஒவ்வொரு கருத்தும் எந்தப் பெரிய கருத்தின் கீழ் வருகிறது என்பதும் அதற்குள்ளேயே சொல்லப்பட்டிருப்பதால், ‘பல்லின் கடினத் திசு நோய்கள் அனைத்தையும் காட்டு’ என்று கேட்டால் சொத்தையும் சேர்ந்தே வரும்.

ஸ்னோடென்ட் என்பது அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் பல் துறைக்கென உருவாக்கிய சொல்தொகுதி, ஸ்னோமெட்டோடு இணைந்தது. இவை போக, ஹார்வர்ட், ஹியூஸ்டன், சான் பிரான்சிஸ்கோ பல் மருத்துவக் கல்லூரிகளும் ஆம்ஸ்டர்டாமின் பல் மருத்துவக் கல்வி மையமும் சேர்ந்து 2009ஐ ஒட்டி உருவாக்கத் தொடங்கிய ஒரு பட்டியலும் உண்டு. முதலில் ஈசிகோட்ஸ் என்ற பெயரில் இருந்தது. பிறகு பல் நோயறிதல் அமைப்பு என்ற பொருள்படும் பெயருக்கு மாறியது. நாற்காலி அருகே நிற்கும் பல் மருத்துவர் வாயில் வரும் சொற்களையே திரையில் காட்டி, பின்னால் ஐசிடிக்கும் ஸ்னோமெட்டுக்கும் பாலம் போட வேண்டும் என்பது அதன் நோக்கம்.

வேறுபாட்டை எங்கள் உதவியாளருக்கு இப்படிச் சொன்னேன். நம் ஆறிலக்க அஞ்சல் குறியீடு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்கைச் சொல்லும். தபால்காரர் எந்த புளோக்குக்கு எத்தனை கடிதம் என்று எண்ணுவதற்கு அது போதும். கடிதம் வாசலுக்கு வர வேண்டுமானால் மாடியும் வீட்டு எண்ணும் வேண்டும். ஐசிடி புளோக். ஸ்னோமெட் வீட்டு எண். நாம் அன்றாடம் ‘மூன்றாம் மாடி, மூலை வீடு’ என்று சொல்வது போன்றது மருத்துவர் திரையில் காணும் பட்டியல்.

ஐசிடி-10 குறியீடு ஒன்றே போதும் என்கிறார்கள் சிலர். உங்களுக்கு ஏன் திருப்தி இல்லை?

ஒரே உதாரணம். உலகச் சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-10இல் பற்கூழ் அழற்சிக்கு கே04.0 என்ற ஒரே எண். நாற்காலியில் அது இரண்டு நோய். மீளக்கூடிய அழற்சி என்றால் சொத்தையை நீக்கி அடைத்தால் பற்கூழ் பிழைத்துக்கொள்ளும். மீளாத அழற்சி என்றால் பெரும்பாலும் வேர்ச் சிகிச்சை, இல்லையேல் பல்லை எடுப்பது. செலவிலும் வலியிலும் வருகைகளின் எண்ணிக்கையிலும் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. அமெரிக்கர்கள் தங்கள் உள்நாட்டு வடிவத்தில் இதை கே04.01, கே04.02 என்று பிரித்துக்கொண்டார்கள். மூல வடிவத்தை மட்டும் வைத்துக்கொண்டு எழுதினால், சிகிச்சையைத் தீர்மானித்த அந்த ஒரு சொல்லே பதிவில் இருக்காது.

பற்சூழ் திசு அழற்சியின் (பல்லைத் தாங்கும் ஈறு, எலும்பு நோயின்) பெயர்கள் மாறிவிட்டனவாமே?

மாறிவிட்டன. அமெரிக்க, ஐரோப்பியப் பற்சூழ் திசு மருத்துவர்கள் 2017இல் கூடி வகுத்து 2018இல் வெளியிட்ட வகைப்பாட்டில், ‘நாட்பட்டது’, ‘தீவிரமானது’ என்ற பழைய இரு பிரிவுகள் ஒன்றாகிவிட்டன. இப்போது நோய் எவ்வளவு முற்றியிருக்கிறது என்பதற்கு 1 முதல் 4 வரை நிலைகள். எவ்வளவு வேகமாக வளர்கிறது என்பதற்கு ஏ, பி, சி என்ற தரங்கள்; ஏ மெதுவானது, சி மிக வேகமானது. இதில் எனக்குப் பிடித்தது, நோயாளியின் உடல்நிலையும் உள்ளே வந்துவிடுவது. ஒரு நாளைக்குப் பத்து அல்லது அதற்கு மேற்பட்ட சிகரெட் புகைப்பவருக்கும், நீரிழிவு நோயாளியாக இருந்து மூன்று மாதச் சராசரி சர்க்கரை அளவு 7 விழுக்காடோ அதற்கு மேலோ உள்ளவருக்கும் தரம் ‘சி’ ஆக உயர்கிறது.

ஐசிடி-10 பட்டியலில் கே05.3 இன்னும் ‘நாட்பட்ட’ அழற்சிதான். எனவே பழைய சொல்லும் புதிய சொல்லும் சில காலம் ஒன்றாகவே திரையில் இருக்கும். புதிய வருகைக்குப் புதிய சொல். பழைய வருகையின் பதிவைத் திருத்தப் போகாதீர்கள்; அன்று அந்தப் பெயர்தான் வழக்கில் இருந்தது, அப்படியே இருக்கட்டும். இரண்டையும் கணினி ஒப்பிட வேண்டுமென்றால் அதற்கான பாலத்தை மென்பொருள்காரர்கள் போட வேண்டும், நாம் அல்ல.

பல்லின் எண்ணையும் நோயறிதலோடு சேர்க்க வேண்டுமா?

கட்டாயம். சொத்தை என்பது வாய்க்கு வரும் நோய் அல்ல. ஒரு குறிப்பிட்ட பல்லின் ஒரு குறிப்பிட்ட முகத்தில் வருவது.

எந்த எண்முறை என்பதையும் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். நாம் இங்கே பயன்படுத்துவது அனைத்துலகப் பல் மருத்துவக் கூட்டமைப்பின் இரண்டு இலக்க முறை: முதல் இலக்கம் வாயின் கால்பகுதி, இரண்டாவது இலக்கம் நடுவிலிருந்து எத்தனையாவது பல். அமெரிக்காவில் 1 முதல் 32 வரை தொடர்ச்சியாக எண்ணுவார்கள். அங்கிருந்து திரும்பி வந்தவர் ‘18ஆம் பல்லை எடுக்க வேண்டும்’ என்று ஒரு கடிதம் கொண்டுவந்தால், நம் முறையில் அது வலது மேல் ஞானப்பல். அவர்கள் முறையில் இடது கீழ் இரண்டாம் கடைவாய்ப்பல். ஒன்று எடுத்தாலும் பெரும்பாலானோர் கவலைப்படாத பல். மற்றொன்று மெல்லுவதற்கு ஆயுள் முழுவதும் தேவைப்படும் பல்.

யார் தேர்ந்தெடுக்க வேண்டும், மருத்துவரா உதவியாளரா?

தீர்மானிப்பது சிகிச்சை அளிப்பவர். தட்டச்சு செய்வது யாராக இருந்தாலும் சரி. எங்கள் அறையில் நான் சொல்லச் சொல்ல உதவியாளர் தேர்ந்தெடுப்பார். ஒருநாள் எச்சில் உறிஞ்சும் குழாய் இரைந்துகொண்டிருந்தபோது ‘இர்ரிவர்சிபிள்’ என்று நான் சொன்னதில் முதல் அசை அவர் காதில் விழவில்லை. மீளாத அழற்சி மீளக்கூடிய அழற்சி ஆகிவிட்டது. அவர்மேல் தவறில்லை, முகக்கவசத்துக்குள்ளிருந்து முணுமுணுத்தவன் நான். கையொப்பமிடும்போது பார்த்துத் திருத்தினேன். அன்றிலிருந்து குழாயை நிறுத்திய பிறகுதான் நோயறிதலைச் சொல்கிறேன். அவர் திருப்பிப் படித்துக்காட்டுகிறார்.

உதவியாளராக இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மருத்துவர் நோயறிதலைச் சொல்லாமலே போய்விட்டால், சிகிச்சையைப் பார்த்து நீங்களே ஊகித்து நிரப்ப வேண்டாம். காலியாக விட்டு அவரிடம் கேளுங்கள். உரிமையோடு கேளுங்கள்.

நேரம் பிடிக்காதா?

முதல் மாதம் பிடித்தது. பிறகு, எங்கள் அன்றாட வேலையில் பெரும்பகுதி முப்பது சொற்களுக்குள் அடங்கிவிடுகிறது என்று கண்டோம். அவற்றைத் திரையின் மேலே வைத்துக்கொண்டோம். அவ்வளவுதான்.

நான் தேடும் சொல் பட்டியலில் இல்லையென்றால் ‘மற்றவை’ போடலாமா?

போடுவதற்கு முன் இரண்டு முறை தேடுங்கள். பெரும்பாலும் சொல் இருக்கும். நாம் பழகிய பெயரில் இருக்காது. பட்டியலில் ஒத்தசொற்களும் இணைக்கப்பட்டிருக்கிறதா என்று மென்பொருள் தருபவரிடம் கேளுங்கள். அது இல்லாத பட்டியல் அரைப் பட்டியல்.

உண்மையிலேயே இல்லையென்றால் ‘மற்றவை’ போட்டுவிட்டுப் பக்கத்தில் முழு விவரத்தையும் எழுதுங்கள். மாதக் கடைசியில் எங்கள் ‘மற்றவை’ எல்லாவற்றையும் ஒன்றாக எடுத்துப் பார்ப்போம். ஒருமுறை அதில் பாதிக்கு மேல் ஒரே நோய்: ஞானப்பல்லைப் பாதி மூடியிருக்கும் ஈறு வீங்கி நோவது. அதற்குப் பட்டியலில் தனிச் சொல் இருந்தது. மூன்று பேர் மூன்று விதமாக எழுத்துப்பிழையோடு தேடியிருந்தோம்.

நோய் என்னவென்று இன்னும் உறுதியாகத் தெரியவில்லை. அப்போதும் ஒரு பெயரைப் போட வேண்டுமா?

தெரியாததைத் தெரிந்ததுபோல் எழுதுவது காலிக் கட்டத்தைவிட மோசம். பட்டியல்களில் அறிகுறிக்கான சொற்களும் இருக்கின்றன. ‘காரணம் கண்டறியப்படாத பல் வலி’ என்பதும் ஒரு நேர்மையான பதிவுதான். ‘தற்காலிகம்’ என்று குறிக்கும் வசதி இருந்தால் பயன்படுத்துங்கள். இரண்டு வாரம் கழித்து நோயாளி திரும்பி வந்து உண்மை தெரிந்ததும் புதிய நோயறிதலைச் சேருங்கள். பழையதை அழிக்க வேண்டாம். முதலில் என்ன நினைத்தோம், பிறகு எதைக் கண்டு மாறினோம் என்ற வரலாறும் அடுத்த மருத்துவருக்குத் தேவை.

நோயே இல்லாதவருக்கு?

‘சொத்தை இல்லை’, ‘ஈறுகள் நலம்’ என்பவையும் கண்டறிந்த முடிவுகளே. சுத்தம் செய்துகொள்ள மட்டும் வந்த இளைஞருக்கு இல்லாத ஈறு அழற்சியைக் கட்டம் நிரம்ப வேண்டும் என்பதற்காகப் போடாதீர்கள். அழகுக்காக உறை போட்டால் அதையும் அப்படியே சொல்லுங்கள்.

தவறாகத் தேர்ந்தெடுத்தால் என்ன ஆகும்?

அமெரிக்கப் பல் மருத்துவக் கல்லூரிகளில் இப்படிப்பட்ட பட்டியல்களை முதன்முதலில் பயன்படுத்திப் பார்த்தபோது இரண்டு குறைகள் வெளிப்பட்டன. பலர் கட்டத்தை நிரப்பவே இல்லை. நிரப்பியவர்களிலும் ஒரு பகுதியினர் சிகிச்சைக்குப் பொருந்தாத சொல்லைப் போட்டிருந்தார்கள். பட்டியலை நன்றாக அமைத்தால் மட்டும் போதாது, பயிற்சியும் வேண்டும், யாராவது தொடர்ந்து சரிபார்க்கவும் வேண்டும் என்பதை அந்தக் கல்லூரிகள் கற்றுக்கொண்டன.

எங்கள் அளவில் நாங்கள் செய்வது எளிது. மாதத்தில் ஒருநாள் மதியம், இருபது பதிவுகளை எடுத்து, பெயரை மறைத்து, ஒருவர் எழுதியதை இன்னொருவர் படிக்கிறோம். நோயறிதலைப் படித்தால் சிகிச்சை புரிகிறதா? எக்ஸ்ரே அதற்கு ஒத்துப்போகிறதா? ஒத்துப்போகாதபோது யாரையும் குற்றம் சொல்வதில்லை. அதில் என்னுடைய பதிவுகளும் வருகின்றன.

இதெல்லாம் ஒரு மருந்தகத்துக்குள் சரி. நாட்டுக்கு இதனால் என்ன பயன்?

சிங்கப்பூரில் தேசிய மின்னியல் சுகாதாரப் பதிவேடு 2011இல் தொடங்கப்பட்டது. ஒருவருடைய நோயறிதல், மருந்து, ஒவ்வாமை, பரிசோதனை முடிவுகள் ஆகியவை அவர் போகும் இடமெல்லாம் மருத்துவர் கண்ணில் பட வேண்டும் என்பது அதன் எண்ணம். ஸ்னோமெட் அமைப்பில் சிங்கப்பூர் உறுப்பு நாடாகவும் இருக்கிறது. வாயும் உடலின் ஒரு பகுதிதான். வாயைப் பற்றிய செய்தி மட்டும் ஏன் யாருக்கும் புரியாத சுருக்கெழுத்தில் தனியாகக் கிடக்க வேண்டும்?

2016இல் நீரிழிவுக்கு எதிராகப் போர் தொடுப்பதாக நம் சுகாதார அமைச்சு அறிவித்தது. நீரிழிவு கட்டுப்படாவிட்டால் பற்சூழ் திசு நோய் முற்றும். அந்த நோய் முற்றினால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவது கடினமாகும். எங்கள் மருந்தகத்தில் மூன்றாம் நிலை, சி தரம் என்று பதிவானவர்களில் சர்க்கரை அளவை அண்மையில் பார்க்காதவர்கள் யார் என்று ஒரு நிமிடத்தில் பட்டியல் எடுத்து, பலதுறை மருந்தகத்துக்குப் போகச் சொல்லிக் கடிதம் கொடுக்க முடிகிறது. முன்பு ‘ஆழமாகச் சுத்தம் செய்தேன்’ என்று மட்டும் எழுதிய காலத்தில் இது முடியாது.

பாக்கு இன்னொன்று. இதை நம் மக்களுக்காகவே அழுத்திச் சொல்கிறேன். பாக்கு மெல்லுவது புற்றுநோயை உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவை 2004இல் வெளியிட்ட அறிக்கையில் உறுதிப்படுத்தியது. புகையிலை சேர்க்காவிட்டாலும் அப்படித்தான். பாக்குப் போடுபவரின் கன்னத்தின் உட்பரப்பு வெளுத்து, இறுகி, நார்போல் ஆகி, வாய் திறப்பு மெல்லச் சுருங்கும். ‘காரம் தாங்கவில்லை டாக்டர், வாய் முழுதாகத் திறக்க மாட்டேன் என்கிறது’ என்பார். ஐசிடி-10இல் அதற்கு கே13.5 என்ற எண்ணே உண்டு. அது புற்றாக மாறக்கூடிய நோய். ஆண்டுக்கணக்கில் கண்காணிக்க வேண்டும். பதிவில் ‘வாய் எரிச்சல், களிம்பு கொடுத்தேன்’ என்று எழுதினால், வேலை மாறி வேறு வட்டாரத்துக்குப் போன அந்த மனிதரை அடுத்த மருத்துவர் கண்காணிக்க மாட்டார். அவருக்குத் தெரியவே தெரியாது.

என் வாயில் உள்ள நோயெல்லாம் கணினியில் இருப்பது எனக்குப் பயமாக இருக்கிறது.

பயம் நியாயமானது. 2018இல் இணைய ஊடுருவிகள் பொது மருத்துவமனைக் குழுமமான சிங்ஹெல்த்தின் தரவுத்தளத்தில் ஊடுருவி 15 லட்சம் நோயாளிகளின் விவரங்களைத் திருடிச் சென்றதை யாரும் மறக்கவில்லை. தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் எங்களையும் கட்டுப்படுத்துகிறது. உங்கள் பதிவை யார் திறந்தார்கள் என்ற தடம் கணினியில் இருக்க வேண்டும். கேட்டால் மருந்தகம் விளக்க வேண்டும். ஆனால் பொதுச்சொல் பயன்படுத்துவதால் இந்த ஆபத்து கூடுவதில்லை. தெளிவில்லாமல் எழுதிய பதிவும் அதே கணினியில்தான் இருக்கிறது.

நோயாளியாக நான் என்ன கேட்கலாம்?

‘என் பல்லுக்கு என்ன பெயர் எழுதினீர்கள்?’ என்று கேளுங்கள். எந்தப் பல், என்ன நோய், எந்த நிலை என்று தமிழிலேயே விளக்கச் சொல்லுங்கள். தமிழ் பேசும் ஊழியர் இருந்தால் அழைக்கச் சொல்லுங்கள். வேறு மருத்துவரிடம் போகும்போது செய்த சிகிச்சைகளின் பட்டியலை மட்டும் வாங்கிக்கொண்டு போகாமல், நோயறிதலோடு சேர்த்து எழுதிய கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள். வயதான அம்மா அப்பாவை அழைத்துவரும் பிள்ளைகள் அதைக் கைப்பேசியில் படம் பிடித்து வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

எங்கள் மருந்தகத்தில் இன்னும் தொடங்கவில்லை. எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற முடியாதே?

மாற்ற வேண்டாம். திருப்பி எடுக்க முடியாத வேலைகளிலிருந்து தொடங்குங்கள்: பல் எடுத்தல், வேர்ச் சிகிச்சை, உறை. இந்த மூன்றுக்கும் நோயறிதல் இல்லாமல் பதிவை மூடக் கூடாது என்று மட்டும் முதலில் ஒரு விதி வையுங்கள். அடைப்புகளும் ஈறு நோய்களும் அடுத்த கட்டத்தில் வரட்டும்.

எங்களிடம் இன்னொரு வழக்கமும் சேர்ந்திருக்கிறது. உறைக்காகப் பல்லைச் செதுக்கும்போது விரிசல் கண்ணில் பட்டால், சிறிய கேமராவால் ஒரு படம் எடுத்து ‘விரிசல் விட்ட பல்’ என்ற சொல்லோடு அந்தப் பல்லின் எண்ணின் கீழ் இணைத்துவிடுகிறோம். அந்த அம்மா இப்போதும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வருகிறார். சென்ற முறை 46ஆம் பல்லுக்கு உறை போட்டோம். படத்தைத் திரையில் பெரிதாக்கிக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்துவிட்டு, “இதை மறக்காமல் எழுதிவையுங்கள், தம்பி” என்றார். அவர் எதிரிலேயே எழுதினேன்.